குறைந்தது இரண்டு பேர்

வீட்டைக் கவனிக்கும் மென்பொருள் இயங்க, குறைந்தது இரண்டு பேர் வேண்டுமாம். யார் போட்ட விதியோ. மாலையில் இரண்டு பேர் சுவரில் மாட்டிய அதன் பெட்டிமேல் உள்ளங்கையைப் பதிக்காவிட்டால், மறுநாள் அடுப்புகூட எரியாது. செண்பகவல்லியோ தனி ஆள். அதனால் எதிர்வீட்டு ரெஜினா தினமும் வந்து கை வைப்பாள். பஜ்ஜியும் டீயும் முடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போவாள்.

இன்று வந்ததும் கேட்டாள். "அக்கா, புது வெர்ஷனுக்கு ஒரு ஆள் போதுமாமே. எங்க வீட்டுல நேத்தே போட்டாச்சு. நீங்க போடலையா?"

"நம்ம பெட்டி பழசுடி. அது தாங்காதாம்."

ரெஜினா பெட்டியைப் பார்த்தாள். போன தீபாவளித் தள்ளுபடியில் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி வாங்கி வந்தவளே அவள்தான்.

"ஆமாக்கா, ரொம்பப் பழசு," என்றபடி சுவரில் கையை வைத்தாள். "இன்னிக்கு என்ன பஜ்ஜி?"