பூனாகலை ஏற்றம்

“இந்த யானையெல்லாம் என்னால மேய்க்க ஏலாது. நமக்கு இருக்கிற ஜீப்பே போதும்” என்றாள் நஸ்மியா.

“முதல்ல ஓட்டிப் பாரு. பொறகு சொல்லு” என்றார் ஸாஹிர்.

பண்டாரவளையில் வாகனத் தரகர் ஜெயகுமாரின் வீட்டு முற்றத்தில் கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஸாஹிர், இந்த ஜெர்மன் ஜீப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஜெயகுமாரைப் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

“தோட்டத்துத் துரை ஒருத்தர் வச்சிருந்த வண்டி முதலாளி. மூவாயிரம் சிசி, டர்போ. உள்ள பூரா தோல் சீட்டு. செகண்ட் ஹேண்ட்ல இப்படிச் சுத்தமா கெடைக்காது” என்றார் ஜெயகுமார்.

பேச்சில் மயங்குகிறவர் இல்லை ஸாஹிர். பானெட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சினை ஓடவிட்டு, ஓரத்தில் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கதவு விளிம்புகளில் விரலை ஓட்டியபடி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நஸ்மியாவும் கூடவே வந்தாள்.

“இந்தப் பின்கதவு ஒருதரம் அடிபட்டு டிங்கர் பண்ணினது” என்றார் ஸாஹிர்.

ஜெயகுமார் தொண்டையைச் செருமினார். “ஆமாங்க முதலாளி. பங்களா கேட்டுல உரசினது. சொல்லத்தான் இருந்தேன்.”

முப்பது வருடம் தோட்டம் தோட்டமாகத் துணி ஏற்றிப்போய் விற்றவர் ஸாஹிர். ஹல்துமுல்லையிலிருந்து பூனாகலை வரை அவர் வண்டி ஏறாத மேடு கிடையாது. சர்க்கரை வியாதி முற்றிய பிறகு, இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டியரிங்கைத் தொட்டு இரண்டு வருடமாகிறது. ஐம்பதாவது வயதில் நஸ்மியா லைசென்ஸ் எடுத்தாள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நன்றாகவே ஓட்டினாள்.

மகள் அகீலா பூனாகலையில் தோட்டப் பாடசாலை ஆசிரியை. கணவன் கட்டாரில் இருக்க, அவள் அங்கேயே குவாட்டர்ஸில் தங்கியிருந்தாள். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் அவளைப் பார்க்கப் போகும்போது பழைய ஜீப் ஒரு வளைவில் மூச்சுவாங்கி நின்று, பின்னால் சரிந்தது. மதகுக் கட்டில் முட்டி நின்றதால் பிழைத்தார்கள். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றோடு நஸ்மியா மலைப்பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

பிரசவத்துக்கு மகளைப் பதுளைக்குக் கூட்டிவர ஒரு வேன் பேசலாம் என்றாள். ஸாஹிர் ஒப்பவில்லை. வேனில் மகள் வந்துவிடுவாள். நஸ்மியாவின் பயம் மட்டும் அந்த வளைவிலேயே நின்றுவிடும்.

“தேயிலை ஃபெக்டரி வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம் அக்கா” என்று ஜெயகுமார் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

நஸ்மியா ஓட்டினாள். ஸாஹிர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எந்த வளைவு எப்போது வரும் என்று அவர் உடம்புக்கே தெரியும். ஜன்னல் வழியாக ஈரமண் வாசனை வந்தது.

“பஸ் வருது. ஓரங்கட்டு” என்றார் திடீரென்று.

“எங்க? ஒண்ணும் காணல்லையே.”

சொன்னாலும் ஓரங்கட்டினாள். கொஞ்சம் பொறுத்து, முன் வளைவிலிருந்து ஹார்ன் அடித்தபடி பஸ் ஒன்று இறங்கிப் போனது.

“முதலாளிக்கு இந்த ரோட்டு மனப்பாடம்” என்றார் ஜெயகுமார்.

மேடு செங்குத்தாக ஏறத் தொடங்கியது. நஸ்மியாவின் மூச்சு மாறியதை ஸாஹிர் கவனித்தார். சட்டென்று பிரேக்கை மிதித்தாள். வண்டி ஏற்றத்தின் நடுவில் நின்றது.

“இதுதானே அந்த இடம்?” என்று கேட்டார் ஸாஹிர்.

அவள் கால் பிரேக்கிலேயே இருந்தது.

“காலை எடுங்க அக்கா. இது தானாவே பிரேக் பிடிச்சுக்கும், பின்னால போகாது” என்றார் ஜெயகுமார்.

“நீங்க ரெண்டு பேரும் எறங்கி நில்லுங்க. சரிஞ்சா நான் மட்டும் போறேன்.”

ஸாஹிர் தன் சீட் பெல்ட்டை ஒரு தரம் இழுத்து, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “நான் எறங்கமாட்டேன். எடு காலை.”

பிறகு அவள் காலை எடுத்தாள். வண்டி பாறை மாதிரி அப்படியே நின்றது. அடுத்த நொடி எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. ஸாஹிரின் முதுகு சீட்டில் அழுந்தியது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு, அதற்கும் மேலே ஒன்று.

“அக்கா, ஃபெக்டரியைத் தாண்டிட்டோம்.”

“தெரியும்” என்றாள் நஸ்மியா. குரலில் நடுக்கம் இல்லை.

அகீலாவின் குவாட்டர்ஸ் முன்னால் சமதரையில் ஏறி நிறுத்திவிட்டு அவளே மகளுக்குப் போன் போட்டாள். “உம்மாதான். கேட்டைத் திற. வாசல்லதான் நிக்கிறேன்.” பிறகு அழுகையும் சிரிப்புமாக என்னென்னவோ பேசினாள். ஸாஹிர் அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“அப்ப எடுப்போமா?”

“எடுப்போம். பழையதை இண்டைக்கே குடுத்துடுங்க.”

ஜெயகுமார் நிம்மதியாகக் கதவைத் திறந்து இறங்கினார்.

“எல்லாம் சரி நஸ்மியா” என்று, இரண்டு வருடமாக இருட்டைத் தவிர வேறெதையும் காணாத கண்களை அவள் குரல் வந்த பக்கம் திருப்பினார் ஸாஹிர். “இந்த வண்டி என்ன கலர்?”