அறை காலியில்லை

2018 நவம்பர். சைகோன் நகர எல்லையின் தென்கோடியில், கான் சோ அலையாத்திக் காட்டை ஒட்டிய ஓர் உப்பளக் கிராமத்தில், ஒரே ஒரு வீடு மட்டும் விருந்தினர் விடுதியாக மாறியிருந்தது. அதன் நான்கு அறைகளிலும் ஆள் இருந்தது.

நஸீம் பானு வாசலில் நுழைந்தபோது, வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் குப்பைக்குழியின் ஓரம் குந்தி உட்கார்ந்து மீன் முள்ளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் காட்டின் மேல் கொக்குக் கூட்டம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நஸீமுக்கு மனசு நிறைந்துவிட்டது. காரைக்காலில் பிறந்து, சைகோனின் பூ மி ஹங் பகுதியில் குடியிருந்துகொண்டு, ஊரையும் காட்டையும் கெடுக்காத சுற்றுலா வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் வருடக்கணக்காகப் பேசி வருகிறவள் அவள். பேசியதை அப்படியே கடைப்பிடித்து, குப்பை எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கும் விருந்தினரை இப்போதுதான் நேரில் பார்க்கிறாள்.

விடுதிக்காரர் வயிரவனுக்குக் காரைக்குடிப் பக்கம். சைகோனுக்குச் சமையல் வேலைக்கு வந்தவர், இந்த ஊர்ப் பெண் ஹோவாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். இரண்டு வருடம் முன்பு நஸீமின் நிறுவனம் கொடுத்த பணத்தில்தான் வீட்டை விடுதியாக்கினார். பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, ஏசி கிடையாது, குளிக்க மழைத்தண்ணீர்.

"வாங்க மேடம், வாங்க. வெயில்ல வந்திருக்கீக. எளநி வெட்டவா? ஸ்ட்ரா கெடையாது, அப்புடியே குடிக்கணும்."

"தெரியும் அண்ணே. அந்தச் சட்டத்தப் போட்டதே நாங்கதான்."

"அதான் சொல்றேன். மேல ஊத்திக்கிட்டா என்னயத் திட்டப்படாது."

அவள் வந்த வேலை ஒன்றுதான். ஊரில் மற்ற எட்டு வீடுகளும் இதேபோல் மாறலாமா, கூடாதா என்று சொல்ல வேண்டும். அவள் சரி என்றால், எட்டுக் குடும்பத்தாரும் திங்கட்கிழமை உப்பளங்களை வங்கியில் அடகு வைப்பார்கள். ஹோவாவின் தங்கை லான் முதல் ஆளாக முற்றத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். உப்பளத்தை விட்டால் அவளுக்கு வேறு சொத்து இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு விருந்தினர் நால்வரும் வந்தார்கள். ஒருவரோடு ஒருவர் சம்பந்தம் இல்லாமல் தனித்தனியே வந்தவர்கள். மேசைக்கு நண்டு வந்தது. வழுக்கைத்தலை ஜெர்மன்காரர் ஒருவர், நண்டைத் தொடுவதற்கு முன்னால் அது எப்படிப் பிடிக்கப்பட்டது என்று கேட்டார்.

வலை போடுவதில்லை, கூடுதான், குஞ்சு நண்டைத் திருப்பி விட்டுவிடுவோம் என்று வயிரவன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்து, ஒரு ஆள் குளிக்க எத்தனை லிட்டர், கூரையில் எத்தனை சோலார் தகடு என்பது வரை ஒரே மூச்சில் ஒப்பித்தார். ஜெர்மன்காரருக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை. நண்டை உடைக்க ஆரம்பித்தார்.

"என்ன அண்ணே, பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறீங்க?" என்று தமிழில் கேட்டாள் நஸீம்.

"வர்றவுக எல்லாரும் இதத்தான மேடம் கேக்குறாக? இப்ப ஹோவாவத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிருவா."

நஸீம் சிரித்தாள். "வுங் டாவுக்கு ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க. பீர் டின்னும் ஸ்பீக்கருமா வந்து எறங்குவாங்க, கடற்கரையில கால் வைக்க முடியாது. உங்களுக்கு வாய்ச்சவங்க தங்கம்."

"தங்கந்தான். இல்லைன்னு சொல்லல. தெனமும் துண்ட மாத்துனாத் தண்ணி வீணுன்னு கோவிச்சுக்கிறாக."

"படகுல காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறதுண்டா?"

"கூப்புட்டுப் பாத்தேன். டீசல் எம்புட்டுக் குடிக்கும்னு கேட்டாக. சொன்னேன். அத்தோட சரி."

சாப்பாடு முடிவதற்குள் மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். கூம்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். லான் மட்டும் வியட்நாமிய மொழியில் ஏதோ கேட்டாள்.

"கடன் வாங்கி அறை கட்டுனா ஆளு வருமான்னு கேக்குறா மேடம்" என்றார் வயிரவன். "உப்பளம் போயிருச்சுன்னா பிள்ளைகளுக்குச் சோத்துக்கு என்ன வழிங்கிறா."

"நியாயமான கேள்விதான். உங்க ரூம் எப்பவாவது காலியாக் கெடந்திருக்கா?"

"ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு நாக்கூட இல்ல. மார்ச்சு வரைக்கும் இப்பவே சொல்லி வச்சிருக்காக."

நஸீம் லானைப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த நால்வரையும் பார்த்தாள். ஜெர்மன்காரர் நண்டு ஓடுகளைத் தனியாகவும் எலுமிச்சைத் தோலைத் தனியாகவும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் என்ன யோசனை? தைரியமாக் கட்டச் சொல்லுங்க அண்ணே. நான் சரின்னு எழுதிடுறேன்."

வயிரவன் அதை மொழிபெயர்க்கவில்லை. தலையைச் சொறிந்தார். லான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். ஒங்களையும் இந்த நாலு பேரையும் மாதிரி சோதிச்சுப் பாக்க வர்றவுக, ஒம்போது வீட்டுக்கும் கெடைப்பாகளா?"