பொட்டு வைத்த சர்வர்

பாஸ்வேர்டு இல்லை, அனுமதி இல்லை என்றது திரை.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற அவள் மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே பதில்.

முதுகுக்குப் பின்னால் மேனேஜர் தனுஷ்கோடி நின்றிருந்தார். அவர் மூச்சு அவள் பிடரியில் பட்டது. எரிச்சலாக வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மனுஷனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

"போன வாரம் உனக்கு மெமோ குடுத்தேன். இந்த வாரம் சிஸ்டம் பூட்டிக்கிச்சு. நான் என்ன காதுல பூவா வச்சிருக்கேன்?"

அவள் திரும்பவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே டயாலிசிஸுக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆயுதபூஜை லீவால் ஒரு முறை டயாலிசிஸ் தள்ளிப்போனவர்கள். சவரிமுத்து என்ற பெரியவருக்குக் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. வெறுங்காலோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

யாருக்கு எவ்வளவு நீர் எடுப்பது, யாருக்கு எந்த மருந்து ஆகாது, எல்லாம் இந்த டேட்டாபேஸுக்குள் இருந்தது. அது தெரியாமல் ஊசி குத்த மாட்டோம் என்று நர்ஸுகள் இந்த அறை வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"திறக்கலைன்னா போலீஸ்தான். சொல்லிட்டேன்."

அந்த டேட்டாபேஸை வைத்திருக்கும் சர்வர் பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பொறி தட்டியது. இதை யாரும் அணைப்பதே கிடையாது. வருஷத்தில் ஒருநாள், பூஜைக்கு மட்டும் அணைத்து, துடைத்து, பொட்டு வைப்பார்கள்.

யாரை உள்ளே விடலாம் என்று விதி எழுதிய ஃபைலைத் திறந்தாள். இந்த சர்வருக்குள்ளிருந்தே வருகிறவரிடம் எதுவும் கேட்காதே என்று முன்பு இருந்தது. இப்போது எல்லாரிடமும் பாஸ்வேர்டு கேள் என்று இருந்தது. ஆஸ்பத்திரி சாஃப்ட்வேருக்கு அப்படி ஒன்றை யாரும் கொடுத்ததே இல்லை. கேட்டால் அது எங்கே போகும், பாவம்!

ஃபைல் மாறிய மாதம் ஆடி. அவள் லீவில் இருந்த மாதம்.

"சார், ஆடியில இந்த விதியை மாத்தியிருக்காங்க. அணைச்சுப் போடாமயே போயிட்டாங்க. அணைச்சுப் போட்டாத்தான் அது வேலைக்கு வரும். பூஜைக்கு அணைச்சோம்ல, அதான் இப்ப..."

"அடேங்கப்பா! சாமி கும்பிட்டதாலதான் கெட்டுப்போச்சுங்கிறியா? பழியைத் தூக்கி சாமி மேலயே போடுறியே!"

"சாமி மேல இல்ல சார். ஆடியில எனக்குப் பதிலா நீங்க கூட்டிட்டு வந்த உங்க மருமகன்..."

சொல்லியிருக்கக் கூடாது. தனுஷ்கோடியின் முகம் கறுத்துப் போனது.

"எங்க வீட்டுப் பிள்ளைய இழுக்குற வேலை வச்சுக்காத."

திறக்க அவளுக்குத் தெரியும். விதியைப் பழையபடி மாற்றினால் போதும். சர்வர் முன்னால் உட்காருகிற எவரையும் அது கேள்வி கேட்காமல் உள்ளே விடும். அப்புறம் புது பாஸ்வேர்டு வைத்துவிட்டு விதியை இறுக்கிக்கொள்ளலாம்.

திறந்தால், பூட்டியதும் இவள்தான் என்பார்.

திறக்காவிட்டால், வெளியே அந்த வீங்கிய கால்.

சீ, இந்தப் பிழைப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போய்விடலாம்போல் இருந்தது.

மாற்றினாள். டேட்டாபேஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள்.

பெயர்கள் வரிசையாகத் திரையில் வந்தன. ஒரு நர்ஸ் ஓடிப்போய்ச் சவரிமுத்துவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள்.

"பாத்தீங்களா!" மீதி நர்ஸுகளைப் பார்த்துக் கை தட்டினார் தனுஷ்கோடி. "பூட்டுனவளுக்குத்தானே திறக்கத் தெரியும்? கையும் களவுமா மாட்டிக்கிட்டா!"

நர்ஸுகளில் ஒருத்தி தரையைப் பார்த்தாள்.

இவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"உக்காருங்க சார். இப்ப கதவு திறந்து கிடக்கு, யாரு வேணாலும் உள்ள போகலாம். புது பாஸ்வேர்டை நீங்களே அடிங்க. டேட்டாபேஸுக்கு ஒரு தடவை, சாஃப்ட்வேருக்கு ஒரு தடவை. உங்களைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம். அடுத்த தடவை பூட்டிக்கிட்டா, யாரு பூட்டுனதுன்னு ஆளைத் தேடி அலைய வேண்டாம் பாருங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். கீபோர்டில் ஒரு சத்தமும் இல்லை.

உள்ளே டயாலிசிஸ் மெஷின் ஓட ஆரம்பித்தது. நர்ஸுகள் நகரவில்லை.

"ஏம்மா..."

அவர் குரல் இத்தனை தணிந்து அவள் கேட்டதே இல்லை.

"நீயே ஏதாச்சும் ஒண்ணு போட்டுரு. உனக்குத் தெரிஞ்சா என்ன, நம்ம ஆளுதானே."

அவள் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வாசல்ல இருக்கவங்களுக்குக் கேக்கல சார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."