சிவராமன் சாரின் வலது கை

ரசாக் வீடு பூட்டிக் கிடந்தது. மகள் கல்யாணப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கதவைத் தட்டினார் சிவராமன்.

பக்கத்து வீடு என்றா சொன்னேன்? அந்த வீட்டில்தான் மனுஷன் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்தார். ரிடையர் ஆனால் க்வார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். செய்துவிட்டு முகப்பேர் ஃப்ளாட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது.

பத்திரிகை வைக்கப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போவதுதான் முறை. ஆவடி முழுக்கக் கூட வந்த மைதிலி, இந்தத் தெருவுக்கு மட்டும் வரமாட்டேன் என்று மெயின் ரோடு பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கதவைத் திறந்தவள் பேர் ஷோபனா, நூம்பல் ஊர்க்காரி. ரசாக்கோடு வேலை பார்த்தவன் என்றார் சிவராமன். இந்த வீட்டில் இருந்தவன் என்று வாய் வரவில்லை.

அவள் பத்திரிகையை வாங்கி மாப்பிள்ளை பேரைப் படிக்க ஆரம்பித்தாள். சிவராமன் திரும்பினார்.

எதிரே புங்கமரத்தடியில் சோமு.

பார்த்துவிட்டது. காது இரண்டும் பின்னால் படிந்தன. இடுப்புக்குக் கீழே உடம்பு மொத்தமும் ஆடியது. இன்னும் ஒரு நொடியில் பாய்ந்து வந்து மேலே விழும், முகத்தை நக்கும், இந்தப் பெண் எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள்.

சிவராமனின் வலது கை தொடையோரம் தாழ்ந்து, உள்ளங்கையால் காற்றை இரண்டு தடவை அமுக்கியது. சத்தியமாக அவர் நினைத்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது.

நாய் உட்கார்ந்துவிட்டது.

"அத்தப் பாருங்க சார், நாங்க வந்ததுலருந்து அங்கியே கீது. சோறு வச்சா துன்னுட்டு மறுபடி அங்கியே போய்க் குந்திக்குது. மழைக்குக்கூட உள்ள வராது. எப்பப் பாரு கொட்டாவி, சரியான தூங்குமூஞ்சி. ரசாக் அண்ணனக் கேட்டேன், தெரியாதுன்ட்டாரு. உங்களுக்குத் தெரியுமா, யார் ஊட்டு நாய்னு?"

ரசாக் தெரியாது என்றானாம். பாவி, இவருக்காக அவனும் பொய் சொல்லியிருக்கிறான்!

அப்புறம், தூங்குமூஞ்சியாம். சோமு தூக்கத்துக்கா கொட்டாவி விடும்? மனசு தவித்தால் விடும். அவர் ஷிஃப்டுக்குச் சட்டை மாட்டினாலே விடும். மூக்கை நக்கிக்கொள்வதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பதும் அதே தவிப்புதான். இந்த க்வார்ட்டர்ஸில் யார் வீட்டு நாய் என்ன சொல்கிறது என்று சிவராமன் சாரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவ்வளவு பெரிய வித்வான்!

இப்போது வால் நுனி மட்டும் மண்ணில் தட்டிக்கொண்டிருந்தது. வரட்டுமா, வரட்டுமா என்று கேட்கிறது.

"தெரியலையேம்மா," என்றார் வித்வான்.

ஃப்ளாட்டில் யாரும் நாய் கூடாது என்று சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் வந்துபோகிற இடத்தில் நாய் முடி வேண்டாம் என்று இவரே முடிவு கட்டினார். மைதிலி அழுதுகூடப் பார்த்தாள்.

ஷோபனா காபி சாப்பிடச் சொன்னாள். வேண்டாம்மா என்று படியிறங்கி, மரத்தைப் பார்க்காமல் நடந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாமான் ஏற்றிய அன்று சோமு லாரிக்குப் பின்னாலேயே ஓடி வந்தது. இவர் கல்லெறிந்து விரட்டவில்லை. இறங்கிப் போய், இதே மரத்தடியில், இதே கையால் இரண்டு அமுக்கு. இங்கேயே இரு, வந்துவிடுகிறேன் என்று அதற்கு அர்த்தம். தினம் ஷிஃப்டுக்குப் போகும்போது காட்டுவது. திரும்பி வந்து தொடையில் ஒரு தட்டுத் தட்டினால் காவல் முடிந்தது, எழுந்து வரலாம்.

அந்தத் தட்டை அவர் தட்டவே இல்லை. நாய் பாவம், ஷிஃப்ட் இன்னும் முடியவில்லை என்று உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு மறுபடியும் இரு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பஸ் ஸ்டாப்பில் மைதிலி எழுந்து நின்றாள்.

"ஏங்க, சோமு இருக்கானா?"

"இல்ல மைதிலி. யாரோ நல்லவங்க கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்."

மைதிலி கண்ணை மூடிக் கைகூப்பினாள். பிறகு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது சிவராமனுக்கு. முகப்பேர் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.