யாருக்காக வந்தீங்க?

நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பிடியை விட்டால் எழுந்து ஓடிவிடுவாள். அது அவளுக்கே தெரியும்.

வட்டமாகப் போட்ட நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆண்கள்.

சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் பள்ளிக்கூடத்தின் வகுப்பறை அது. ஞாயிற்றுக்கிழமை மாலை. கரும்பலகையில் யாரோ பாதி அழித்த பின்னக் கணக்கு. ஜன்னலுக்கு வெளியே திருச்சி வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை.

அவள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோனது. ஒருவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இன்னொருவர் நீட்டியிருந்த காலை இழுத்துக்கொண்டார்.

குடியை விட நினைப்பவர்களின் கூட்டம். நடத்துபவர் ஆரோக்கியசாமி. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பரிவாகத்தான் கேட்டார்.

"வாங்கம்மா. யாருக்காக வந்தீங்க? வீட்டுக்காரருக்கா, தம்பிக்கா? குடும்பத்து ஆளுங்களுக்குன்னு வியாழக்கிழமை தனியாக் கூட்டம் இருக்கு."

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. வீட்டுக்காரருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீ கொடுப்பார்கள். தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

அவள் வீட்டுக்காரர் காபியைக்கூட அளந்து குடிப்பவர்.

அப்போதுதான் அது வந்தது.

முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. அது அடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்கும் போலிருந்தது. மூச்சு உள்ளே இறங்கவில்லை. செத்துவிடுவோம். இத்தனை ஆண்களுக்கு நடுவில், இந்த பிளாஸ்டிக் நாற்காலியில்.

முதல் தடவை வந்தது காவிரிப் பாலத்தில். பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். மாணவி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பாலத்தின் நடுவில் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

அந்த ஒன்றுமில்லாதது வாரம் தவறாமல் வந்தது.

பிராந்தி அதை அடக்கியது. முதலில் வகுப்பெல்லாம் முடிந்த பிறகு. அப்புறம் வகுப்புக்கு முன்னால். அப்புறம் பிளாஸ்கில் ஊற்றி, கைப்பைக்குள்.

போன மாதம் ஒரு மாணவி வண்டியில் ஏறியதும் கண்ணாடியை இறக்கினாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "அக்கா, இன்னிக்கு வேணாமே" என்று மட்டும் சொல்லி இறங்கிப் போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மறுநாளே மருத்துவரிடம் போனாள். மனநல மருத்துவர். மாத்திரை கொடுத்தார். குடியை எப்படிப் பத்திரமாக நிறுத்துவது என்று சொன்னார். தனியாகக் கிடந்து போராடவேண்டாம் என்று இந்த இடத்தையும் அவர்தான் சொன்னார்.

அறை காத்திருந்தது.

மூச்சை மெல்ல வெளியே விட்டாள். இன்னொரு முறை. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அடிக்கட்டும்.

அது அடிக்கும்போதே பேசலாம் என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

"எனக்காகத்தான் வந்தேன்."

நாற்காலி விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"என் பேரு செவ்வந்தி. நான் குடிக்கிறவ. படபடப்பு வந்தா குடிப்பேன். குடிச்சா அடங்கும். விடிஞ்சா ரெண்டு மடங்கா வரும். இப்பக்கூட வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

ஆரோக்கியசாமி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே மறுபடி போட்டுக்கொண்டார்.

"வணக்கம் செவ்வந்தி."

அழைப்பில் இருந்த 'அம்மா' போய்விட்டது. அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதுபோல வெறும் பெயர். மற்றவர்களும் சொன்னார்கள். சிலர் சத்தமாக, சிலர் முணுமுணுப்பாக.

பக்கத்து நாற்காலிக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பழனியாண்டி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்.

"எனக்கும் வரும்," என்றார் தணிந்த குரலில். "ஹார்ட் அட்டாக்குன்னு நெனச்சு, லோடோட நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன். வண்டி நெறைய தக்காளி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது காற்று தானாக உள்ளே போனது.

அலை எப்போது இறங்கியது என்று அவள் கவனிக்கவில்லை. ஒருவர் தன் மகள் கல்யாணத்தன்று பந்தி நடக்கும் இடத்தில் விழுந்து கிடந்ததைச் சொன்னார். இன்னொருவர் அழுதார். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. டீ வந்தது. சர்க்கரை தூக்கலாக இருந்தது. முழுவதும் குடித்தாள்.

கூட்டம் முடிந்து செருப்பை மாட்டும்போது பழனியாண்டி வந்து நின்றார். மற்றவர்கள் போகும்வரை ஆட்டோ சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரமும் வருவீங்களா?"

"வருவேன்."

"இல்ல... என் தங்கச்சி ஒருத்தி. அவளுக்கும் இதே பழக்கம். வீட்டுல யாரும் வாய் தொறக்கமாட்டோம்." தரையைப் பார்த்தே பேசினார். "ஒரு தடவ கூப்பிட்டேன். எல்லாம் ஆம்பளைங்கன்னதும் வரலைன்னுட்டா."



செவ்வந்தி மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனாள். ஆரோக்கியசாமி நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், இங்க லேடீஸ் பாத்ரூம் பூட்டியிருக்கே?"

அவர் நிமிர்ந்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை திறந்து வெக்கச் சொல்லுங்க," என்றாள் செவ்வந்தி. "தண்ணி வருதான்னும் பாத்துடச் சொல்லுங்க."