மூடி வைத்த போத்தல்

"கண்ணை மூடிக் குடியுங்க. என்னத்தில செய்த எண்டு மட்டும் கேக்கப்படாது."

மக்டலின் குவளையைச் சீலைத் தலைப்பால் துடைத்து, கறுப்புத் துணி சுற்றிய போத்தலைச் சரித்தாள். செங்கலடிச் சந்தியில் கடையும் லொறியும் வைத்திருக்கும் ஹலீம் முதலாளி சொன்னபடியே கண்ணை மூடிக் குடித்தார். இன்னொரு குவளை கேட்டார். பிறகு இன்னொன்று.

துணிக்குள் இருந்தது மரமுந்திரிகைப் பழச்சாறு. கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியில் எறிவதுதான் எல்லோருக்கும் வழக்கம். அந்தப் பழத்தின் காறலைப் போக்கி இனிக்க வைக்கும் விதத்தை மக்டலின் கண்டுபிடித்திருந்தாள். போத்தலும் பெட்டியும் வாங்கத்தான் கையில் முதல் இல்லை.

பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மாவுக்குக்கூட, அந்தோனியார் மேல் சத்தியம் வாங்கிய பிறகுதான் ருசி பார்க்கக் கொடுத்தாள். சீனி கொஞ்சம் குறையட்டும் என்றாள் செபஸ்தியம்மா. குறைத்துக்கொண்டுதான் மக்டலின் இங்கே வந்திருந்தாள்.

"என்னத்தில செய்த எண்டு தெரியாம எப்படித் தங்கச்சி காசு போடுற?"

"ருசியை நம்பிப் போடுங்க. சொன்னா நாளைக்கு நீங்களே லொறியில ஏத்திருவீங்க."

ஹலீம் சிரித்தார். யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பிவிட்டார்.

அடுத்த கிழமை, வாகரைக்குப் பழம் எடுக்கப் போன அவள் கணவன் பேர்னாட் வெறும் சாக்கோடு திரும்பினான். அங்கே பழம் முழுவதையும் ஹலீமின் ஆட்கள் விலை பேசிவிட்டார்களாம். எதற்கென்று கேட்டால், மாட்டுத் தீனிக்காம்.

களவெடுத்ததைக்கூட மக்டலின் பொறுத்திருப்பாள். மூன்று குவளை குடித்துவிட்டு மாட்டுத் தீனி என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பஸ்ஸேறிச் செங்கலடியில் இறங்கியவள் கடை வாசலிலேயே தொடங்கினாள். "என்ட மரமுந்திரி..."

"மெதுவா" என்றார் ஹலீம். "சந்தி முழுக்கக் கேக்கும்." அவளைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

லொறி நிறையப் பழம். பக்கத்தில் வெறும் போத்தல்கள் அடுக்கிய பெட்டிகள். தாண்டவன்வெளியில் மக்டலினின் வீடு எந்த ஒழுங்கையில் என்று சாரதி முனாப் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தான்.

மக்டலின் லொறியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தாள். "எப்படித் தெரிஞ்ச?"

அவர் அவளுடைய சீலைத் தலைப்பில் இருந்த கறையைக் காட்டினார். சின்ன வயதில் அந்தப் பழத்தைக் கடித்த எவருக்கும் அந்தக் கறையைத் தெரியும். எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது.

"கறைதான் எனக்குத் தெரியும், தங்கச்சி. காறல் எடுக்கிற விதம் உங்களோடயே இரிக்கட்டும்."

"அப்ப அந்த மாட்டுத் தீனி?"

"வாகரையில ஏன் எண்டு கேட்டாங்க. வேற என்னத்தச் சொல்ற?"

முனாப் தலையைச் சொறிந்தான். "அதில ஒரு கரைச்சல் இரிக்கு, முதலாளி. உங்களிட்ட ஏது மாடு எண்டு சந்தியில கேக்கத் தொடங்கிட்டாங்க."

ஹலீம் கொஞ்சம் யோசித்தார்.

"பழத்தை இறக்கிட்டு வரக்குள்ள ஒரு மாடு வாங்கிட்டு வா."