பதினேழாம் கட்டில்

ஹெட் கிளார்க் மனுவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது செல்லாதும்மா. பதினேழாவது வரி காலியா இருக்கு."

கவுண்டருக்கு வெளியே நின்றவள் வீடில்லாதவர்கள் தங்கும் அவசரக் காப்பகத்துச் சமையல்காரம்மா. மாதக் கடைசியோடு காப்பகத்தை மூடப் போகிறார்கள். மூட வேண்டாம் என்று மந்திரிக்கு மனு. பதினோரு மணிக்குள் பதிவு எண் விழுந்தால்தான் இன்று அவர் மேஜைக்குப் போகும். நாளைக்கு முடிவெடுத்துவிடுவார்கள்.

மணி பத்தே முக்கால்.

முகவரி இல்லாத மனு என்றால் இந்த அலுவலகத்தில் அது மொட்டைக் கடுதாசிதான். அதனால் கட்டில் எண்ணையே முகவரியாகப் போட்டிருந்தாள். ஒன்று முதல் நாற்பது வரை. எண்ணுக்கு நேரே பெயர், கையெழுத்து. சிலர் கைநாட்டு.

"நடுவுல வரி விட்டா, பின்னால யாரோ எழுதிச் சேத்துட்டான்னு ஆயிடும். ஆள் இல்லன்னா 'காலி'ன்னு எழுதிக் குடு, முடிஞ்சது."

"ஆள் இருக்காரு சார். காலின்னு எழுதுனா, அங்க யாரும் வர்றதில்லன்னு அதையே காரணமாச் சொல்லி மூடிருவாங்க."

"அப்ப கையெழுத்து வாங்க வேண்டியதுதானே?"

"வேலைக்குப் போற மனுசன் சார். பேர் வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்னு நெனைக்கிறாரு. நான் வற்புறுத்தல."

ஹெட் கிளார்க் பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பினார். பதிவு எண் போடும் குமாஸ்தா அங்கே உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் மனிதர்.

"கேட்டியாய்யா? தங்க எடமில்ல, மானத்துக்கு மட்டும் கொறச்சல் இல்ல."

குமாஸ்தா சிரிக்கவில்லை. ஹெட் கிளார்க் என்ன சொன்னாலும் சிரிக்கிறவர்தான். முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவரை, "என்னய்யா, வீட்டுக்காரம்மா வெரட்டிட்டாங்களா?" என்று ஹெட் கிளார்க் தினமும் கேட்பார். இவரும் தினமும் சிரிப்பார்.

வந்ததிலிருந்து சமையல்காரம்மா குமாஸ்தா பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"போயிட்டு கையெழுத்தோட மத்தியானம் வாம்மா."

மனுவைத் திரும்ப வாங்க அவள் கையை நீட்டினாள். குமாஸ்தாவின் கை முந்திக்கொண்டது.

அவர் தாளை மேஜையில் வைத்து நீவினார். பேனாவைத் திறந்தார். பதிவேட்டில் எழுதுகிற மாதிரியே நிதானமாக எழுதினார். மை காய ஊதிவிட்டு ஹெட் கிளார்க் முன்னால் வைத்தார்.

"இப்ப நம்பர் போடலாமா சார்?"

ஹெட் கிளார்க் பதினேழாவது வரியைப் படித்தார். ஆறு வருஷமாகப் பார்த்துப் பழகிய கையெழுத்து.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். ஸ்டாம்ப் பேடைத் தன் கையாலேயே திறந்து குமாஸ்தா பக்கம் நகர்த்தினார்.

பத்து ஐம்பத்தைந்துக்குச் சீல் விழுந்தது.

ரசீதை வாங்கும்போதுதான் சமையல்காரம்மா குமாஸ்தாவை நேராகப் பார்த்தாள்.

"உங்க போர்வையத் தொவைச்சு மடிச்சு வச்சிருக்கேண்ணே. வர்றப்ப எடுத்துக்குங்க."